இரண்டு காலம், இரண்டு பையன்கள், ஒரு நாவல்: இளையோர் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

இரண்டு வெவ்வேறு காலத்தில் வாழும் இரண்டு பையன்களை ஒரே கதைக்குள் கொண்டுவர ஆசைப்பட்டு ஆரம்பிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்தாவது ஆறாவது அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் முதல் தடவை பாதியில்தான் நின்றேன். இரண்டாவது தடவை முடித்தேன். அதற்குப் பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், எழுத விரும்புகிற சிலருடன் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் உட்கார்ந்து அவர்கள் எழுதுவதைப் பார்த்துவருகிறேன். கற்பனை இல்லாமல் யாரும் நிற்கவில்லை, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால்தான் நிற்கிறார்கள். அதனால் இங்கே வரிசை ரொம்ப முக்கியம்.

புரியும்படி இருக்க நான் எழுதிய கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1954-இல் கோவிந்தன் என்று ஒரு பையன், மடுகரைப் பக்கம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதியின் எல்லையை ஒட்டிய ஒரு கற்பனை ஊரில். 2011-இல் சரண் என்று ஒரு பையன், அதே ஊரில். இருவருக்கும் வயது 14.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பெரிய நோட்டு, இரண்டு நிறத்தில் அட்டைகள், அந்தந்த வருடத்துக் காலண்டர், 70 வயது தாண்டிய ஒரு ஆள், 14 வயதில் ஒரு பிள்ளை. கடைசி இரண்டும் கிடைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். பெரியவரிடம் கேட்க வேண்டியது வரலாறு இல்லை. காலையில் எதால் பல் துலக்கினார்கள், பள்ளிக்கூடத்துக்கு எதில் சோறு எடுத்துப் போனார்கள், அப்பா அடித்தால் எங்கே போய் ஒளிந்தார்கள், இப்படிக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா?" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் வரும், அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

2. முதலில் இரண்டு வருடங்களையும் முடிவு செய்யுங்கள்

பாத்திரத்தின் பெயர், குணம் எல்லாம் அப்புறம். வருடம்தான் முதலில், ஏனென்றால் பழைய பையன் புதிய பையனின் காலத்தில் உயிரோடு இருப்பானா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 1954-இல் 14 வயது என்றால் 2011-இல் 71. தெருவில் கைத்தடியோடு நடந்துபோகும் ஒரு கிழவர் அந்தப் பையனாக இருக்கலாம். 1936-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்த அந்த ஜூலை 30-ஐ எடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் 2004 சுனாமியை வைத்தால் அவருக்கு 82 வயது, அதுவும் முடியும். ஆனால் 1783-இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையை எடுத்தால் ஆள் இருக்க மாட்டார், இடமோ எழுத்தோதான் மிஞ்சும்.

புதிதாக எழுதுகிறவர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பிரெஞ்சுப் புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நமக்குக் கிடைத்திருக்கிறது, பெரிய பொக்கிஷம், ஆனால் அதில் பேசுகிறவர்கள் வியாபாரிகளும் துரைமார்களும். ஒரு 14 வயதுப் பையன் தன் சிநேகிதனிடம் எப்படிச் சண்டை போட்டான் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. கேட்டு எழுத ஒரு வாயாவது உயிரோடு இருக்கும் காலத்தை எடுங்கள்.

வருடம் முடிவானதும் தேதிகளைச் சரிபாருங்கள். இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். புதுச்சேரியின் மக்கள் பிரதிநிதிகளிடம் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18, திங்கட்கிழமை. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். ஆட்சி கைமாறியது நவம்பர் 1, அதுவும் திங்கட்கிழமை. சட்டப்படி முழுசாக முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. இதைப் படித்துவிட்டு எல்லா ஊரிலும் நவம்பர் 1-ஆம் தேதிதான் கொடி ஏறியது என்று எழுதிவிடுகிறார்கள். நெட்டப்பாக்கம், மடுகரைப் பக்கமெல்லாம் அந்த வருடம் மார்ச் கடைசியிலேயே பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போய்விட்டது. என் கதையில் எல்லைச் சாவடி முக்கியம் என்பதால் கோவிந்தனின் கதை முழுவதையும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. இதை எழுதி முடித்த பிறகு கண்டுபிடித்திருந்தால் பாதி நாவலைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

3. ஊரை நடந்து பாருங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுங்கள்

சுற்றியுள்ள பெரிய ஊர்கள், ஆறு, சாலை எல்லாம் நிஜமாக இருக்கட்டும். கதை நடக்கும் சின்ன ஊரை மட்டும் நீங்களே உண்டாக்குங்கள். நிஜ ஊரை வைத்தால் "எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடே இல்லையே" என்று ஒருவர் வருவார், அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பதை நடந்து பார்த்தால்தான் உணர முடியும். ஒரு வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறும். 1954 பையனுக்கு அது நாடு மாறுவது. இந்த ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொண்டால் கதைக்கு வேறு மர்மம் தேவைப்படாது.

4. இருவரையும் இணைக்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள், அதன் விதியை எழுதிவையுங்கள்

டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்த டைரி என்றுதான் பத்தில் எட்டுப் பேர் ஆரம்பிக்கிறார்கள். டைரியில் ஒரு சிக்கல் உண்டு. அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். புதிய பையனுக்குத் தேட எதுவும் இருக்காது, உட்கார்ந்து படிப்பான், அவ்வளவுதான். குறைவாகச் சொல்லும் பொருளாகப் பாருங்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பலாமரம். கோவிந்தனும் அவன் சிநேகிதன் அந்தோணியும் அதில் சாய்ந்து நின்று, தலை உச்சியில் அரிவாளால் ஆளுக்கொரு கோடு கீறுகிறார்கள். வெள்ளையாகப் பால் வடிந்து கோவிந்தனின் விரலில் ஒட்டிக்கொள்கிறது, மண்ணைத் தேய்த்தும் போகவில்லை, அன்று ராத்திரி சோறு பிசையும்போதும் ஒட்டுகிறது. 57 வருடம் கழித்து 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறுகிறது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகச் சாய்கின்றன, இந்த மரமும் சாய்கிறது.

இந்தக் காட்சியை ஒருவர் தன் கதைக்காக மாற்றி எழுதிப் பார்த்தபோது அந்தக் கோடுகள் மரத்தோடு வளர்ந்து மேலே, கிளைக்குப் பக்கத்தில் போய்விட்டதாக எழுதியிருந்தார். தப்பு. மரம் நுனியில்தான் உயரும், அடிமரத்தில் கீறிய கோடு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும், தழும்பு அகலமாகும், உப்பும், மேலே ஏறாது. எனக்கு இந்த உண்மை கிடைத்தபோதுதான் நாவலே கிடைத்தது. விழுந்து கிடக்கும் மரத்தின் பக்கத்தில் சரண் ஈர மண்ணில் மல்லாந்து படுக்கிறான், வேர் தொடங்கும் இடத்தில் குதிகாலை வைத்துக்கொண்டு தலையைத் தடவிப் பார்க்கிறான், ஒரு கோடு சரியாக அவன் உச்சந்தலையில் நிற்கிறது, இன்னொன்று இரண்டு விரல் கீழே. அளந்த இருவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. தன் உயரத்தில் ஒருவன் இருந்தான் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் பொருள் எதுவானாலும் அது உண்மையில் 50, 60 வருடத்தில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கதையின் திருப்பம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

அப்புறம் விதி. காலம் தாண்டிப் போக முடியுமா, குரல் மட்டும் கேட்குமா, ஒன்றுமே கிடையாதா? ஏதாவது ஒன்றை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மாயம் வேண்டுமென்றால் ஒரே ஒரு மாயம், ஒரே ஒரு இடத்தில். பாதியில் வசதிக்காக விதியைத் தளர்த்தினால் படிக்கும் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும். நான் மாயம் எதுவும் வைக்கவில்லை.

5. இருவருக்கும் ஒரே கேள்வியைக் கொடுங்கள்

பொருள் மட்டும் இணைத்தால் அது துப்பறியும் கதையாக நிற்கும். வளர்ந்து வரும் பையனின் கதையாக வேண்டுமென்றால், திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை அவன் தானாக எடுக்க வேண்டும். பெரியவர்கள் வந்து தீர்த்துவைக்கக் கூடாது. அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இரண்டு காலத்திலும் ஒன்றாக இருந்தால் இருவரும் சந்திக்காமலேயே இணைந்துவிடுவார்கள்.

கோவிந்தனின் அப்பா எல்லை தாண்டிக் கைக்கடிகாரங்கள் கொண்டுவருகிறார். சாவடியில் மூட்டை பிடிபடுகிறது. யாருடையது என்று கேட்டபோது கோவிந்தன் அந்தோணியின் அப்பாவைக் காட்டிவிடுகிறான். சரணுக்கு வேறு மாதிரி. நிவாரணத்துக்காகப் புயலில் விழுந்த மரங்களின் கணக்கை அவன்தான் தெருவுக்கே எழுதிக் கொடுக்கிறான், மாமா தன் கொல்லையில் விழாத மரங்களையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். குடும்பத்துக்காகப் பொய் சொல்லலாமா? இரண்டு பேருக்கும் கேள்வி இதுதான். பதில் வேறு வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பையன்கள் எதற்கு?

இதில் ஒரு கவனம். பழைய பையன் தப்பு செய்தான், புதிய பையன் திருத்தினான் என்று நேர்கோடாகப் போடாதீர்கள். சரண் சரியாக நடந்துகொண்டதால் அவன் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன என்று எழுதினேன். நல்ல முடிவுக்கும் விலை உண்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதை மறைத்தால் நம்மை நம்ப மாட்டார்கள்.

6. பழைய பையனின் கதையை முதலில், முழுதாக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயம் பழையது, ஒரு அத்தியாயம் புதியது என்று மாற்றி மாற்றி எழுதாதீர்கள். படிக்கும்போது அப்படி வரும், எழுதும்போது அப்படி வரக்கூடாது.

காரணம் சொல்கிறேன். மாற்றி எழுதும்போது ஒவ்வொரு தடவையும் குரல் மாற வேண்டும், நாலாவது மாற்றத்திலேயே இரண்டு பையன்களும் ஒரே மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதோடு, பழைய கதையில் எழுத முடியாமல் திணறும் இடம் வரும்போதெல்லாம் புதிய கதைக்குத் தப்பி ஓடிவிடுவோம். முதல் முயற்சியில் 11 அத்தியாயம் இப்படி எழுதினேன், கோவிந்தன் சாவடியில் விரலை நீட்டும் காட்சியை எழுதப் பயந்து சரணிடம் ஓடிக்கொண்டே இருந்தேன். 11-ஐயும் ஓரமாக வைத்துவிட்டு கோவிந்தனை மட்டும் தொடர்ச்சியாக எழுதியபோது, அந்தக் காட்சி மூன்றாவது வாரம் தானாக வந்தது.

பழையது ஏன் முதலில்? அது மாறாது, முடிந்துபோனது. புதிய பையன் கண்டுபிடிக்க வேண்டியது என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால்தான் எதை எப்போது காட்டலாம் என்று கணக்குப் போட முடியும்.

7. இன்றைய பையனைச் சும்மா படிக்கிறவனாக்காதீர்கள்

அவனுக்குப் பழைய கதையோடு சம்பந்தமே இல்லாத சொந்தப் பிரச்சினை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதைத் தீர்க்கப் போகும் வழியில்தான் பழையது காலில் இடற வேண்டும். சரண் மரக்கணக்கு எடுக்கத்தான் 71 வயது கிழவரின் கொல்லைக்குப் போகிறான், வரலாறு தேடிப் போகவில்லை.

போன் ஒரு பெரிய தொல்லை. இன்றைய பையன் என்றால் தேடிப் பார்த்துவிடுவானே? நான் 2011-ஐ எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தானேவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது, ஆளைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். உங்கள் கதை இன்றைக்கு நடக்கிறதென்றால் போனில் கிடைக்காத ஒன்றைத் தேட வையுங்கள். சொந்த ஊர்ப் பெரியவர் வாய்திறக்காமல் வைத்திருக்கும் விஷயம் எந்தத் தேடலிலும் வராது.

8. பின்னல்

இரண்டு கதையும் தனித்தனியாக முடிந்த பிறகு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. பழையது மஞ்சள், புதியது வெள்ளை. தரையில் பரப்புங்கள். எனக்கு மஞ்சள் 19, வெள்ளை 26 வந்தது. சமமாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றி அடுக்கவும் வேண்டியதில்லை. மூன்று வெள்ளை, ஒரு மஞ்சள், இரண்டு வெள்ளை என்று வரட்டும்.

எங்கே மாற்றுவது? ஒரு பக்கத்தில் எழுந்த கேள்விக்கு அடுத்த பக்கத்தில் பாதி பதில் கிடைக்கும் இடத்தில். பெரும்பாலோர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் உச்சக்கட்டத்தில் அறுத்துவிட்டு அடுத்த காலத்துக்குத் தாவுகிறார்கள். அதன் விளைவை நேரில் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தான், சரண் அத்தியாயம் வந்ததும் கட்டைவிரலால் ஆறு ஏழு தாளைச் சேர்த்துத் தள்ளிவிட்டு அடுத்த கோவிந்தன் அத்தியாயத்துக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, ஆபத்தில் விட்டுவிட்டு வந்தால் பின்னே என்ன செய்வான்? அதன் பிறகு மூன்று அத்தியாயங்களின் முடிவை மாற்றினேன். உச்சத்தைத் தாண்டி, மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினேன்.

நோட்டில் மூன்று பத்திகளாக ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: கோவிந்தனுக்கு என்ன தெரியும், சரணுக்கு என்ன தெரியும், படிக்கிறவருக்கு என்ன தெரியும். அந்தக் கிழவர்தான் கோவிந்தன் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைக்க எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். பிள்ளைகள் பாதியிலேயே ஊகித்துவிடுவார்கள், அப்புறம் நாம் ஒளிக்கிற ஒவ்வொரு பக்கமும் அவர்களுக்கு எரிச்சல். பாதியிலேயே படிக்கிறவருக்குச் சொல்லிவிட்டு, சரணுக்கு மட்டும் தெரியாமல் வையுங்கள். அவன் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கொடுக்கும் மல்லாட்டையைத் (வேர்க்கடலை) தின்றுகொண்டே "இந்தக் கோடு யார் போட்டது தாத்தா?" என்று கேட்கும்போது படிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும்.

9. மொழியைச் சரிபார்க்கத் தனியாக ஒரு சுற்று

கதை நின்ற பிறகுதான் இது. 1954-இல் நடக்கும் பக்கங்களை மட்டும் எடுத்து ஒரு பென்சிலோடு உட்காருங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், அதனால் அணாதான். கிலோமீட்டர் கிடையாது, மைல். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு என்பதற்குப் பதில் நாலாவது பாரம். கடலூர் மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை, தென்னாற்காடு. 1993-இல்தான் பிரிந்தது.

எழுத்தும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்பு லை, னை, ணை, ளை எல்லாம் தும்பிக்கையை மேலே சுழற்றிய மாதிரி எழுதுவார்கள், றா, னா, ணாவுக்கும் வேறு வடிவம். கோவிந்தன் அந்தோணிக்கு எழுதி, அனுப்பாமல் வைத்த ஒரே ஒரு துண்டுக் காகிதம் சரண் கைக்கு வருகிறது. "உன்னை" என்ற சொல்லில் அந்தச் சுழித்த எழுத்தைப் பார்த்து அவன் திகைக்கிறான், ஆயாவிடம் (பாட்டியிடம்) கொண்டுபோகிறான். அவர் தயங்காமல் படிக்கிறார், பாதி வரியில் நிறுத்திவிட்டு யார் கையெழுத்து இது என்கிறார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்தக் காகிதத்தை வைத்தேன்.

வட்டாரச் சொல்லைப் பேச்சில் வையுங்கள், விவரிப்பில் குறைவாக. மல்லாட்டை, கொல்லை, ஆயா போன்றவை தானாக வரட்டும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு வந்தவரை "சொல்தா" என்பதும் அப்படித்தான், அதற்கு அர்த்தம் சொல்லி நிறுத்தாதீர்கள், சூழலில் புரியும்.

பருவத்தையும் இதே சுற்றில் பாருங்கள். டிசம்பரில் பலாப்பழம் பறித்துத் தின்னும் காட்சி இரண்டு பேருடைய பிரதியில் பார்த்துவிட்டேன். நம் பக்கம் பலா சீசன் கோடைதான்.

10. வாசித்துக் காட்டுங்கள்

எழுதும் சிநேகிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் மூன்று பேருக்குச் சத்தமாக வாசியுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கே காலை ஆட்டத் தொடங்குகிறார்கள், எங்கே வெளியே பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று பேரும் நெளிந்த இடத்தை வெட்டுங்கள். என் பிரதியில் கீழூர் வாக்கெடுப்பைப் பற்றி நாலு பக்கம் இருந்தது, உழைத்துச் சேகரித்தது. வெட்டி, கிழவரான கோவிந்தன் திண்ணையில் சொல்லும் ஒரே வாக்கியமாக்கினேன்.

11. கடைசி அத்தியாயத்தைக் கடைசியில் எழுதுங்கள்

பின்னலும் வாசிப்பும் முடியும் வரை முடிவை ஒரு வரிக் குறிப்பாக மட்டும் வைத்திருங்கள். முன்னாலேயே எழுதிவைத்தால் அந்த முடிவை நோக்கிப் பையன்களைத் தள்ள ஆரம்பித்துவிடுவோம்.

கிழவரான கோவிந்தன் அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சியில் முடிக்கத்தான் கை போகும். படிக்கிற பிள்ளைக்குக் கிழவர் வெளியாள், 14 வயதுப் பையன்தான் தன் ஆள். அதனால் பழைய கதையின் கடைசிக் காட்சி 1954-லேயே இருக்கட்டும். நான் எழுதியது இது: அந்தோணியின் குடும்பம் வண்டி கட்டிப் போய்விட்ட மறுநாள் கோவிந்தன் மரத்தடிக்கு வருகிறான், தன் கோட்டில் முதுகை வைத்து நிற்கிறான், தலையைத் தொட்டுப் பார்க்கிறான், வளரவில்லை. அரிவாள் கொண்டுவந்தவன் எதையும் கீறாமல் வீட்டுக்குப் போகிறான்.

வாசித்துக் காட்டியபோது அந்தோணி எங்கே போனான் என்று மூன்று பேருமே கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன், நாவலிலும் சொல்லவில்லை.